மலையில் வளராத செடி

திருவானைக்காவல்
14-8-1961

அன்புத் தங்கை செல்லக்கிளிக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. நீ துறையூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய செடிக் கட்டு சனிக்கிழமை கிடைத்தது. செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழகாகத்தான் காய வைத்திருக்கிறாய். காலேஜில் எனக்குக் கீழே இருக்கும் பையன்கள்கூட இவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை. உன்னைப் பச்சைமலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியதில் என் ஆராய்ச்சிக்காவது ஒரு நன்மை கிடைத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டுக்குள் ஒரு செடி எனக்குப் புரியவில்லை. சாம்பல் நிற இலை, மங்கலான ஊதாப் பூ, தரையோடு படர்வது. நீ ஒட்டிய சீட்டில் 'பள்ளிக்கூடத்துக்குக் கீழே, ஓடைக்கு அப்பால்' என்று எழுதியிருக்கிறாய். அது எப்படி முடியும்?

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று உனக்குத் தெரியும். மலை மண் புளிப்பு மண். காலங்காலமாகப் பெய்யும் மழை, மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். அதைத் தாங்கும் செடிகள் மட்டுமே நிற்கும்; வகைகள் குறைவு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்பு நிலத்தில் அதே அளவு இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வகைகள். இந்த ஊதாப் பூச் செடியை நான் அந்தச் சுண்ணாம்பு நிலத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆடிப்பெருக்குக்கு நீ வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை என்று எழுதினாய். அந்த நாட்களில் மலையை விட்டு இறங்கினாயா? இறங்கியிருந்தால் எந்த ஊருக்குப் போனாய்? அரியலூர் சுரங்கத்தில் யார் ஓவர்சியராக இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பதிலை மறைக்காமல் எழுது.

உன் அண்ணன்
சின்னையா


பச்சைமலை
22-8-1961

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை செடியைப் பற்றி என்று நினைத்துப் படித்தேன்.

ஆடிப்பெருக்குக்கு நான் எங்கும் போகவில்லை. நான்கு நாள் விடாத மழை. கூரை ஒழுகி, பிள்ளைகளின் சிலேட்டுகளையெல்லாம் என் கட்டிலுக்கு மேலே அடுக்கி வைத்திருந்தேன். அந்தச் செடி ஓடைக்கு அப்பால்தான் இருக்கிறது. அங்கே ஒரு சமதரை. சுற்றிலும் ஒரே மாதிரி கோரையும் ஈச்சம் புதரும். அந்தத் துண்டு மட்டும் கலர் கலராக இருக்கும். அதனால்தான் அங்கே போனேன். பாதிச் செடிகளை அங்கிருந்துதான் பறித்தேன். நீங்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

இரண்டாவது விஷயம். பிலோமின்ராஜ் அரியலூரில் இருக்கிறார் என்பதே உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். நமக்குப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் பம்பாய் போய்விட்டார் என்று என்னிடம் சொன்னவர் நீங்கள். அங்கேயே ஒரு கிறிஸ்தவப் பெண்ணைப் பார்த்துவிட்டார்கள் என்றும் சொன்னீர்கள். நான் அழவில்லை என்று அம்மாவிடம் பெருமையாகப் பேசியதும் நீங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரரை, அதுவும் வேதக்காரரை, கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டதற்காக என்னை மலைக்கு அனுப்பச் சிபாரிசு பிடித்தீர்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவரே போய்விட்டார், இனி எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

அவர் எப்போதிலிருந்து அரியலூரில் இருக்கிறார்? உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? நீங்களும் மறைக்காமல் எழுதுங்கள்.

செல்லக்கிளி


திருவானைக்காவல்
1-9-1961

செல்லக்கிளிக்கு,

நீ கேட்டதற்கெல்லாம் கடிதத்தில் பதில் எழுத முடியாது. அப்போது அம்மாவின் உடம்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வீட்டில் அமைதி வேண்டியிருந்தது. அதற்கு எது உதவியதோ அதைச் சொன்னேன். ஒரு குடும்பத்தில் அண்ணனாக இருப்பவன் சில முடிவுகளைத் தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது.

நீ அவருக்குக் கடிதம் போட்டாயா? இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் வேண்டும்.

செடி விஷயத்துக்கு வருகிறேன். அதை ப்ரொபசரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சின்னையா, உங்க தங்கச்சி உங்களுக்கு உதவி பண்றாங்களா, விளையாடுறாங்களா?" என்று கேட்டார். சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். புளிப்பு மலையின் நடுவில் சுண்ணாம்புத் துண்டு ஒன்று இருக்கிறது என்று எழுதினால், அதற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் அந்த அத்தியாயம் முழுவதையும் அடித்துவிடுவார். மூன்று வருஷ உழைப்பு.

இத்துடன் லிட்மஸ் தாள் வைத்திருக்கிறேன். மண்ணை மழைத்தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, நீலத் தாளையும் சிவப்புத் தாளையும் நனைத்துப் பார். ஒரு கயிற்றைச் சதுரமாகப் போட்டு உள்ளே எத்தனை வகைச் செடிகள் என்று எண்ணு. அந்தத் துண்டுக்குள் ஒரு சதுரம், வெளியே ஒரு சதுரம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு முழம் ஆழத்திலிருந்து மண். மேல் மண்ணை யாரும் எங்கிருந்தும் கொண்டுவந்து கொட்டலாம். கீழ் மண் பொய் சொல்லாது.

பத்திரமாக இரு. ராத்திரியில் கதவைத் தாழிட்டுக்கொள்.

சின்னையா


பச்சைமலை
17-9-1961

அண்ணனுக்கு,

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். போட்டேன். 'ஓவர்சியர் பிலோமின்ராஜ், சுண்ணாம்புக்கல் சுரங்கம், அரியலூர்' என்று மட்டும் எழுதிப் போட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டது. பதிலும் வந்துவிட்டது. அவர் பம்பாய்க்குப் போகவே இல்லை. நீங்கள் அவரைத் தெப்பக்குளத்துக் கடைத்தெருவில் நிறுத்தி, எனக்கு மதுரையில் கல்யாணம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை ரெவின்யூவில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதே என்று சொன்னீர்களாம். அவர் உங்கள் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னாராம். அந்தக் கையால்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. தலைமையாசிரியர் பிச்சமுத்து ஐயாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் என்னிடமே நீட்டினார். நான் எந்தெந்த நாள் மலை இறங்குகிறேன், யார் என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் அதைப் படித்துவிட்டு, "நான் பிள்ளைங்களுக்கே அட்டெண்டன்ஸ் ஒழுங்கா எடுக்கிறதில்லம்மா, உங்க அண்ணனுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர். எனக்குத்தான் அவர் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது.

நீங்கள் கேட்ட வேலையைச் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. வெளியே போட்ட சதுரத்தில் பதினோரு வகை. உள்ளே முப்பதைத் தாண்டியது. சிலவற்றுக்கு எனக்குப் பெயர் தெரியாததால் இரண்டு தடவை எண்ணியிருக்கலாம். வெளி மண் நீலத் தாளைச் சிவப்பாக்கியது. உள் மண் சிவப்புத் தாளை நீலமாக்கியது. தாள்களை அனுப்பியிருக்கிறேன். உள்ளே நத்தைகள் நிறைய இருக்கின்றன, வெள்ளை ஓடு போட்ட பெரிய நத்தைகள். மலையில் வேறெங்கும் நான் நத்தை பார்த்ததில்லை. ஓடு கட்ட அவற்றுக்கும் சுண்ணாம்பு வேண்டும் இல்லையா?

கீழ் மண் எடுக்க முடியவில்லை. கடப்பாரையோடு போனேன். எனக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுக்கும் வெள்ளையம்மாள் எங்கிருந்தோ ஓடி வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள். "அங்க தோண்டாதீங்க டீச்சர்" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் கடப்பாரையோடு போய்விட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. நான் தெருவில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. எதையோ ஒளிக்கிறார்கள். சாராயப் பானையா, வேறு ஏதாவதா தெரியவில்லை. அங்கே ஆடு மாடு மேய விடுவதில்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

நீங்கள் என்னை வேவு பார்க்கிறீர்கள். நான் இவர்களை வேவு பார்க்கிறேன். நம் குடும்பத்துக்கு இதுதான் வரும்போல.

செல்லக்கிளி


திருவானைக்காவல்
25-9-1961

செல்லக்கிளிக்கு,

தெப்பக்குளத்தில் நான் சொன்னதைச் சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சாக்காக வைத்து நீ அவசரப்பட்டு எதுவும் செய்யாதே. அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் தாள்களை ப்ரொபசரிடம் காட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. லிட்மஸ் தாளைச் சுண்ணாம்பு டப்பாவில் தொட்டாலும் நீலமாகும். பட்டியலில் நீ எழுதியிருக்கும் செடிகளில் பாதி, அரியலூர் நிலத்துச் செடிகள். நீ கடிதம் போட்டாய், பதில் வந்தது என்கிறாய். கடிதம் மட்டும்தான் வந்ததா, அவரே வந்தாரா? வரும்போது ஒரு கட்டுச் செடியும் கொண்டுவந்தாரா? மண் மட்டும் எடுக்க முடியவில்லை, ஊரே தடுக்கிறது என்கிறாய். இதை வேறு யாராவது எழுதினால் நீ நம்புவாயா?

என்னை நம்ப வைப்பது சுலபம். ஒரு முழம் ஆழத்து மண், ஒரு டப்பா. அடுத்த மாதக் கடைசிக்குள் ப்ரொபசரிடம் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும். மண் வந்தால் உன்னையும் நம்புகிறேன், அந்தச் செடியையும் நம்புகிறேன். வராவிட்டால் அப்படி ஓர் இடமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சின்னையா


பச்சைமலை
8-10-1961

அண்ணனுக்கு,

மண் வராது. காரணத்தைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போனேன். சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து கிளறிவிட்டேன். அப்புறம் அவளே கேட்டாள்.

"எலும்பு வாங்கிறவங்களுக்கும் உங்களுக்கும் பழக்கமா டீச்சர்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழேயிருந்து சில பேர் மலைக்கு வந்து எலும்பு வாங்குவார்களாம். உர மில்லுக்கு அரைக்க. மாட்டு எலும்பு என்றுதான் கேட்பார்கள், ஆனால் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் கயிறு போட்டு அளந்ததையும், குனிந்து குனிந்து மண் எடுத்ததையும், கட்டு கட்டாக பஸ்ஸில் அனுப்பியதையும் பார்த்து, அந்த ஆட்களுக்கு இடம் காட்டிக் கொடுக்கிறேன் என்று ஊரே முடிவு செய்திருக்கிறது.

"செடிதான் அனுப்பினேன்" என்றேன்.

"செடிய வச்சு என்ன பண்ணுவாங்க?"

"எண்ணுவாங்க."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் சொன்னாள்.

"யுத்த காலத்துல வாந்திபேதி வந்துச்சு டீச்சர். எங்க ஊரு பாதி போயிருச்சு. தூக்கவும் ஆள் இல்ல, குழி வெட்டவும் ஆள் இல்ல. கீழேருந்து சர்க்கார் ஆளுங்க கழுதை மேல சுண்ணாம்பு மூட்டைய ஏத்திக்கிட்டு வந்தாங்க. ஒரே குழியா வெட்டச் சொல்லி, எல்லாரையும் ஒண்ணா போட்டு, மேல சுண்ணாம்பக் கொட்டுனாங்க. புகையா வந்துச்சு. கிட்ட போகக் கூடாதுன்னு கம்ப வச்சிக்கிட்டு நின்னாங்க. எம் மவ அப்பதான் நடக்கப் பழகியிருந்தா. அவளயும் நான் கைல குடுத்துட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன்."

அதுதான் அந்தச் சமதரை. அங்கே பூ ஏன் அப்படிப் பூக்கிறது என்று அவர்கள் ஒரு நாளும் யோசித்ததில்லையாம். பூக்கிறது, அவ்வளவுதான். மாடு மேயக் கூடாது, பறிக்கக் கூடாது. நான் பறித்தேன். டீச்சர் என்பதால் முதலில் பொறுத்துக்கொண்டார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், ஒரு முழம் ஆழத்தில் நான் எதை எடுத்து டப்பாவில் போடட்டும்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நான் திருச்சிக்கு வருகிறேன். நானும் பிலோமின்ராஜும் ரிஜிஸ்திரார் ஆபீசில் கல்யாண நோட்டீஸ் கொடுக்கப்போகிறோம். அவர் மதம் மாறச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஒரு மாதம் பலகையில் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வர மாட்டேன்.

செல்லக்கிளி


திருவானைக்காவல்
2-11-1961

செல்லக்கிளிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்கு வந்திருந்தேன். பிச்சமுத்து ஐயா சொல்லியிருப்பார். டீச்சர்கள் கூட்டத்துக்கு நீ முந்தின நாளே துறையூர் போய்விட்டாய் என்றார். உண்மையைச் சொன்னால், கூட்டத் தேதியை முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் அந்த நாளில் வந்தேன். நீ இல்லாதபோது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். உன் பேச்சைக் கேட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது என்று. பைக்குள் மண்வெட்டி வைத்திருந்தேன்.

ஓடையைத் தாண்டினேன். இடம் இருந்தது. நீ எழுதியது குறைவு. நான் அரியலூரில் முழங்காலிட்டு எண்ணிய செடிகள் ஒவ்வொன்றாக அங்கே இருந்தன. சுண்ணாம்பு மூட்டையோடும், கழுதைக்குப் போட்ட வைக்கோலோடும் விதைகள் வந்திருக்க வேண்டும். மற்ற இடத்தில் விழுந்தவை செத்துவிட்டன. இங்கே விழுந்தவை பிழைத்துவிட்டன. மலைச் செடிகளிலும் வேறெங்கும் தலைகாட்டாத சில அங்கே வந்திருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எந்த இடத்தில் நிற்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அப்படியும் மண்வெட்டியை வெளியே எடுத்தேன். ஓரமாக, ஒரே ஒரு வெட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெட்டிய இடத்தில் வெள்ளைக் கட்டி ஒன்று வந்தது. சுண்ணாம்புதான். அப்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"டீச்சரோட அண்ணனா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தடுக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தோண்டுங்க. எம் புள்ள எந்தப் பக்கம் கெடக்குன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

கட்டியை இருந்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடினேன். கையாலேயே மூடினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "தங்கச்சி சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டாள். மண்வெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மலை இறங்கினேன். பஸ்ஸிலும் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது.

ப்ரொபசரிடம் போய், அந்த இடத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். "மண் கிடைக்கலையா?" என்றார். "கிடைக்கும் சார், எடுக்கக் கூடாது" என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில், நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைப்பது தெரிந்தது. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அத்தியாயம் பாதியாகிவிட்டது. பரவாயில்லை.

ரிஜிஸ்திரார் ஆபீசுக்கும் போனேன். பலகையில் உங்கள் நோட்டீஸைப் பார்த்தேன். அங்கே இருக்கும் கிளார்க் சுடலைமுத்து எனக்குத் தெரிந்தவர். "ஆட்சேபணை ஏதும் குடுக்கறீங்களா சார்?" என்று ஃபாரத்தைக் கையில் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். நிரப்பவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, சொல்லிவிடுவதுதான் சரி என்று தோன்றியது.

கல்யாணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆட்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால் நான் வரலாமா? எந்தத் தேதி என்று எழுது.

சின்னையா


துறையூர்
13-11-1961

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பள்ளிக்கூட வேலையாக இன்று துறையூர் வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். தீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய பலகாரமும் கிடைத்தது. அதற்கும் பதில் எழுதவில்லை என்று அம்மா கவலைப்பட்டிருப்பாள்.

ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆட்சேபணைக்கான கெடு நேற்றோடு முடிந்தது. அது முடிகிற வரை தேதியை உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நிரப்பவில்லை என்று எழுதியதை நம்பினேன். நிரப்ப மாட்டீர்கள் என்று நம்ப முடியவில்லை. ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன் என்று நீங்கள் எழுதவில்லையே. அந்த வரியை இரண்டு மூன்று தடவை தேடினேன். பிலோமின்ராஜ்கூட, "அவரு எழுதின மாதிரிதான் இருப்பாரு, தேதியச் சொல்லிடு" என்றார். அவர் உங்கள் கையை வாழ்த்தோடு பிடித்தவர். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

வெள்ளையம்மாள் நீங்கள் வந்ததைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மூடிட்டுத்தான் போனாரு" என்றாள். பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். நான் ஓடைக்கு அப்பால் போவதில்லை. போகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் போவதில்லை.

கல்யாணம் வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. அவர் பக்கம் அவருடைய அக்கா, என் பக்கம் பிச்சமுத்து ஐயா. மூன்றாவது சாட்சியாக மீரான் என்று சுரங்கத்தில் அவரோடு வேலை பார்ப்பவர் வருவதாக இருந்தார். அவரிடம், வந்து சாப்பிட்டால் போதும், கையெழுத்துப் போட வேறு ஆள் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் மீரானே போடுவார். பேனாவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். பம்பாய் கதையைச் சொன்ன வாயாலேயே இதையும் சொல்லுங்கள். அவள் வர விரும்பினால் கூட்டிக்கொண்டு வாருங்கள். முழங்காலுக்கு ஆகாது என்று சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். வரவில்லை என்றால், அவளே வேண்டாம் என்று சொன்னாளா என்று நான் பிறகு கேட்பேன்.

செல்லக்கிளி